புனே நூலகமும் பகா எண் கூட்டங்களும்

புனே நகரில் வாழும் தமிழர் நாம் பெர்குசன் கல்லூரி வழியே பன்முறை சென்றிருப்போம். தமிழரின் கணித வரலாற்றோடு அக்கல்லூரிக்குள்ள உறவை அறிந்தவர் நம்மிற் சிலரே.

1907ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்துக் குத்தியில் துணைக் கலெக்டராயிருந்த வி. இராமசுவாமி ஐயர் இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவினார். அயல்நாட்டுக் கணித ஏடுகளைத் தனியொருவர் வாங்குதல் அரிது. பலர் கூடி வாங்கிப் பகிர்ந்து படிக்கலாம் என்பது அவர் கருத்து. பெர்குசன் கல்லூரியின் முதல்வர் பராஞ்சபே நூலகத்திற்கு இடமளித்தார். அங்கிருந்து ஏடுகள் உறுப்பினர்க்கு அஞ்சலிற் சென்றன.

அந்நாளில் அறிஞரை மயக்கிய பொருள்களுள் ஒன்று பகா எண். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதது அது. நூறுக்குள் 25 பகா எண்கள், ஆயிரத்திற்குள் 168. மேலே செல்லச் செல்ல அவை அருகுகின்றன. ஆயினும் இடையிடையே நெருங்கியும் நிற்கின்றன: 11, 13, 17, 19, பின்னர் 101, 103, 107, 109, அடுத்து 191, 193, 197, 199. இத்தகைய நால்வர் கூட்டம் மீண்டும் தோன்றுவது 821இல்தான். இடையிலுள்ள 15ஐ விட்டதேன்? தொடர்ந்த மூன்று ஒற்றை எண்களில் ஒன்று மூன்றால் வகுபட்டே தீரும்.

1910இல் இராமானுஜன் திருக்கோவிலூரில் இராமசுவாமி ஐயரைக் கண்டார். மறு ஆண்டே சங்க ஏட்டில் அவர் கட்டுரை வெளிவந்தது. 1913இல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், பகா எண்களின் தொகையைக் கூறும் சூத்திரம் தம்மிடம் உண்டென்றார். அவர் கருதிய அளவிற்கு அது துல்லியமாக இல்லை. அறிவுக் குறையன்று அது. ஐரோப்பாவில் வளர்ந்திருந்த ஆய்வு அவர் கைக்கு எட்டாத குறை.

ஆனால் ஹார்டியோடு கூடி 1918இல் அவர் வெளியிட்ட ஆய்வு ஒரு புது முறைக்கு வித்திட்டது. அதனைக் கொண்டே 1923இல் ஹார்டியும் லிட்டில்வுட்டும் பகா எண் கூட்டங்கள் எத்துணை அடிக்கடி வருமென மதிப்பிட்டனர். 2013இல் யிடாங் ஜாங், ஏழு கோடிக்கு மிகாத இடைவெளியில் பகா எண் இணைகள் முடிவின்றி உண்டென நிறுவினார். பின்வந்தோர் அவ்வெல்லையை 246ஆகக் குறைத்தனர். நால்வர் கூட்டம் முடிவற்றதா என்பது இன்றும் நிறுவப்படவில்லை.

ஒப்பற்ற அறிவிற்கும் நூலும் துணையும் வேண்டும். அதனை உணர்ந்து ஓர் அரசு ஊழியர் தொடங்கிய பணிக்கு இந்நகர் இடந்தந்தது என்பதை நாம் மறவாதிருப்போமாக.