நந்தனார் முதல் கிந்தனார் வரை: ஒரு நகைச்சுவைக் கருவின் வரலாறு

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார். எள்ளலுக்குரிய கரு கலைஞனுக்கு எங்கிருந்து கிட்டுகிறது? இவ்வினாவிற்கு விடையாக அமைவது கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் 'கிந்தனார்' கதாகாலட்சேபம்.

1908இல் நாகர்கோவிலையடுத்த ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர், வில்லுப்பாட்டிலும் நாடக மேடையிலும் பயின்றவர். திரைப்படத்திற்கு வந்தபின் கதைப்போக்கினின்று தனித்து நிற்கும் நகைச்சுவைப் பகுதிகளைத் தம் குழுவினரோடு தாமே அமைத்துக்கொண்டார். அறிஞர் அண்ணா கதை உரையாடல் எழுதிய 'நல்லதம்பி' (1949) படத்தில் இடம்பெற்ற 'கிந்தனார்' அவற்றுள் தலையாயது. அதன் பாட்டுகள் உடுமலை நாராயண கவியின் ஆக்கம்.

இதன் கரு முற்றிலும் புதியதன்று. சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில் இல்லாத வேதியர் ஒருவரைப் படைத்து, 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றினார் கோபாலகிருஷ்ண பாரதியார். அது காலட்சேபமாகப் பரவியது. 1935இல் கே.பி.சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராகத் தோன்றினர். தில்லை செல்லத் துடிக்கும் தொண்டரின் கதையை அறியாத தமிழர் அக்காலத்தில் அரியர்.

அவையோர் நெஞ்சில் ஏற்கெனவே நிறைந்திருந்த இக்கதையையே கலைவாணர் கையிலெடுத்தார். காலட்சேபத்தின் பாட்டு, உரை, பின்பாட்டு ஆகிய மரபுகளை அவர் கலைக்கவில்லை. பெயரில் முதலெழுத்து மாறியது. கதையில் செல்லுமிடம் மாறியது. நந்தன் வேண்டியது தில்லைத் தரிசனம்; கிந்தன் வேண்டியது கல்வி. அவன் புகைவண்டியேறிச் சென்னைப் பட்டணம் சென்று பயின்று, கல்வி அதிகாரியாக ஊர் திரும்புகிறான். பத்தியிசைக்குரிய உருக்கமான தொனியில் பள்ளிக்கூடமும் புகைவண்டியும் புகுந்தபோது அவை சிரித்தது.

அச்சிரிப்பினுள் ஒரு வழக்கும் இருந்தது. சேக்கிழாரிடத்தும் பாரதியாரிடத்தும் நந்தன் தீயிற் புகுந்தே தில்லையுள் நுழைகிறான். கிந்தன் கதையில் தீ இல்லை. தன் பிறப்பை எரித்துத் தூய்மை பெறவேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. எழுத்தறிவே அவனுக்கு வாயிலைத் திறக்கிறது. 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் நிறைவேறிய இரண்டே ஆண்டுகளில் இப்படம் வெளிவந்தமை நோக்கத்தக்கது. கோயிற் கதவு சட்டத்தால் திறக்கப்பட்ட நிலையில், அடுத்துத் திறக்கவேண்டிய கதவைக் கலைவாணர் சுட்டினார். தொண்டரை அவர் எள்ளவில்லை. தொண்டரைத் தீயில் நிறுத்திய உலகையே எள்ளினார்.

1957இல் கலைவாணர் மறைந்தார். பழைய கதையொன்றில் ஓர் இடத்தை மட்டும் மாற்றினால் நகையும் பிறக்கும், நீதியும் பிறக்கும் என்பதற்குக் 'கிந்தனார்' இன்றும் சான்றாக நிற்கிறது.