தேங்க்ஸ்கிவிங் ஸ்பெஷல்: வான்கோழி நெஞ்சுக்கறியை வறண்டு போகாமல் ரோஸ்ட் செய்வது எப்படி?

நவம்பர் மாதத்தின் நாலாவது வியாழக்கிழமை, அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங். 1863-ல் அதிபர் ஆபிரகாம் லிங்கன் இதை நாடு முழுக்கக் கொண்டாடும் நாளாக அறிவித்தார். 1941-ல் 'நாலாவது வியாழன்தான்' என்று சட்டமே போட்டுவிட்டார்கள். சொந்தபந்தம் எல்லாம் ஒரே மேஜையில் கூடும் அந்த விருந்தின் ஹீரோ, வான்கோழி.

சமைப்பவர்களை ரொம்பவே பயமுறுத்தும் அயிட்டமும் அதுதான். பட்டர்பால் என்ற நிறுவனம் வான்கோழி சந்தேகங்களுக்காகவே 1981-ல் ஒரு தனி போன் லைன் தொடங்கியதுன்னா பார்த்துக்கோங்க!

பயம் ரெண்டு விதம். உள்ளே சரியா வேகாம, சால்மோனெல்லா மாதிரியான கிருமி விருந்தாளிகளின் வயித்தைப் பதம் பார்த்துடுமோ என்பது ஒண்ணு. அந்தப் பயத்துலயே கூடுதலா வேகவெச்சு, கறி பஞ்சு மாதிரி ஆயிடுமோ என்பது இன்னொண்ணு. ரெண்டுக்கும் ஒரே தீர்வுதான். கடிகாரத்தை நம்பாம, தெர்மாமீட்டரை நம்புங்க.

முழுக்கோழி வேண்டாம், நெஞ்சுக்கறி போதும்

வான்கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு ரொம்பக் குறைவு. கால் கறியில் கொழுப்பும் ஜவ்வும் அதிகம், அது மெத்துன்னு ஆக இன்னும் கூடுதல் சூடு வேணும். முழுசா ரோஸ்ட் பண்ணினா, கால் வேகுறதுக்குள்ள நெஞ்சு வறண்டு போயிடும். நாலஞ்சு பேர் சாப்பிடும் வீட்டுக்கு நெஞ்சுக்கறி மட்டும் வாங்கினால் இந்தச் சிக்கலே இல்லை. எலும்பும் தோலும் இருக்கும் பீஸா பார்த்து வாங்குங்க. ஒரு ஆளுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், கணக்கு வெச்சா மறுநாளைக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

வாங்கும்போதே லேபிளைப் படிச்சிடுங்க. உப்புத் தண்ணீர் ஏற்றியதுன்னு போட்டிருந்தா, நீங்க தனியா உப்பு ஊறவைக்க வேண்டாம். மிளகும் வெண்ணெயும் போதும்.

திங்கட்கிழமையே தொடங்கணும்

ஐஸ் மாதிரி உறைஞ்ச கறியை வெளியே மேடையில் வெச்சு உருக வைக்காதீங்க. உள்ளே ஐஸா இருக்கும்போதே மேல்பகுதியில் கிருமி பெருக ஆரம்பிச்சிடும். ஃப்ரீசரில் இருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், தண்ணீர் சொட்டாதபடி ஒரு தட்டுல வைங்க. 4 முதல் 5 பவுண்டுக்கு 24 மணி நேரம் என்பது கணக்கு. 6 பவுண்டு கறின்னா திங்கள் ராத்திரி மாத்தினா புதன் சாயங்காலம் ரெடி.

மறந்துட்டீங்களா? தண்ணீர் புகாத கவரில் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் முழுக வைங்க. பவுண்டுக்கு 30 நிமிஷம். அரை மணிக்கொரு தடவை தண்ணீரை மாத்தணும். இப்படி உருக வெச்சதை உடனே சமைச்சிடணும்.

கழுவணுமா?

மஞ்சளும் உப்பும் போட்டு நாலு தண்ணி கழுவினாதான் நமக்கு மனசு ஆறும். ஆனா, கழுவ வேண்டாம்னுதான் அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லுது. கழுவும்போது தெறிக்கும் தண்ணீரோட கிருமியும் சிங்க், மேடை, பக்கத்துல இருக்கிற சாலட் வரைக்கும் பரவும். கிருமியைக் கொல்றது ஓவன் சூடு. தவிர, ஈரத் தோல் மொறுமொறுப்பாவும் ஆகாது. பேப்பர் டவலால் ஒற்றி எடுத்தாலே போதும்.

முதல் நாள் ராத்திரி உப்பு

ஒரு பவுண்டுக்கு அரை டீஸ்பூன் தூள் உப்பு. தோலுக்கு அடியில் விரலை விட்டு மெதுவா விலக்கி, கறி மேல நேரடியா தடவுங்க. மூடாம ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி இருக்கட்டும். உப்பு உள்ளே இறங்கி, வேகும்போது கறி தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்க உதவும். தோலும் காய்ஞ்சு, நல்லா சிவக்கும்.

ஓவனில் என்ன நடக்கணும்?

நம்ம ஊர்ல ரோஸ்ட்னா கடாயில் சுருள வதக்குறது. இங்கே ரோஸ்ட்னா ஓவனில் மூடாம சுடுறது.

* ஓவனை 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (சுமார் 163 டிகிரி செல்சியஸ்) சூடாக்குங்க. இதுக்குக் கீழ போக வேண்டாம்.
* வெண்ணெய், நசுக்கிய பூண்டு, மிளகுத்தூள் கலந்து தோலுக்கு அடியிலும் மேலேயும் தடவுங்க.
* டிரேயில் பெரிய துண்டுகளா வெங்காயம், கேரட் பரப்பி, தோல் மேலே இருக்கிற மாதிரி கறியை வைங்க.
* 4 - 6 பவுண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டேகால் மணி நேரம் ஆகும். ஒன்றேகால் மணி நேரத்திலேயே சூட்டைப் பார்க்க ஆரம்பிங்க.
* தோல் சீக்கிரமே சிவந்துட்டா, மேல ஃபாயில் போர்த்திடுங்க.

165... இந்த நம்பரை மறக்காதீங்க

தெர்மாமீட்டரை கறியின் தடிமனான இடத்தில், எலும்பில் படாம குத்துங்க. 165 டிகிரி ஃபாரன்ஹீட் (74 டிகிரி செல்சியஸ்) காட்டினா உடனே வெளியே எடுத்துடுங்க. அதுக்குக் கீழேன்னா ரிஸ்க். அதைத் தாண்டி ஏற ஏற கறி இறுகி, சாறெல்லாம் வெளியேறிடும். 'எதுக்கும் இன்னும் அரை மணி நேரம்'னு விடுறதுலதான் பெரும்பாலான வான்கோழி வீணாகுது.

நிறத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. நல்லா வெந்த கறியும் சில நேரம் லேசா ரோஸ் நிறத்தில் இருக்கலாம். சில பாக்கெட்டில் கறியிலேயே குத்தி வரும் பிளாஸ்டிக் குச்சி 'டக்'குனு மேலே எழும்பினாலும், தெர்மாமீட்டரால் ஒரு தடவை செக் பண்ணிடுங்க.

வெட்ட அவசரம் வேண்டாம்

ஃபாயிலை லேசா போர்த்தி 20 நிமிஷம் ஓய்வு கொடுங்க. சுடச்சுட வெட்டினா சாறு முழுக்க பலகையில்தான் ஓடும். இந்த இடைவெளியில் கிரேவி ரெடி பண்ணிடலாம். டிரேயில் இறங்கிய கொழுப்பு 2 டேபிள்ஸ்பூன், மைதா 2 டேபிள்ஸ்பூன் சேர்த்து வறுத்து, டிரேயில் தேங்கிய சாறும் சிக்கன் ஸ்டாக்கும் கலந்து 2 கப் ஊற்றி, கெட்டியாகும் வரை கிளறணும்.

வெட்டும்போது நடு எலும்பை ஒட்டி கத்தியை இறக்கி, ஒரு பக்கக் கறியை முழுசா கழட்டுங்க. அப்புறம் நார் ஓடும் திசைக்குக் குறுக்கா துண்டு போடுங்க. மெத்துன்னு இருக்கும்.

மிச்சம் இருந்தா...

அரட்டையில் மறந்துடாதீங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும். 3, 4 நாள் தாங்கும். திரும்பச் சூடு பண்ணும்போதும் அதே 165 டிகிரிதான். சாண்ட்விச், ஃப்ரைடு ரைஸ் எல்லாம் செய்யலாம். எலும்பைத் தூக்கிப் போடாதீங்க. இஞ்சி, பூண்டு, மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டா, நவம்பர் குளிருக்கு இதமான சூப் ரெடி!