முல்லைப் பெரியாறும் கொஞ்சம் மீனும்

முல்லைப் பெரியாறு என்றதும் 136 அடியா 142 அடியா என்கிற சண்டைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். இங்கே எங்கள் அலுவலகத்தில் ஒரு மலையாள நண்பர் உண்டு. இருவரும் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுவோம், அந்த அணையைத் தவிர :-) அதில் யாருமே பேசாத ஒரு சங்கதி இருக்கிறது. மீன்.

1876-78 பஞ்சத்தில் மதுரைப் பக்கம் பட்ட பாட்டுக்குப் பிறகுதான், மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. 1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷம். அதிலேயே அந்த நீரில் மீன் பிடிக்கும் உரிமையும் சென்னை மாகாணத்துக்கு என்று எழுதியிருக்கிறார்கள். அணை கட்டவே ஆரம்பிக்கவில்லை, ஏரி கிடையாது, மீனுக்கு மட்டும் உரிமை தயார்!

பென்னிகுக் சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டிய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1895 அக்டோபரில் திறந்தார்கள். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கி வைகையில் சேர்ந்தது. மேலூர் வரை நெல் விளைந்தது.

அந்தப் பக்கம், ஓடும் ஆறாக இருந்த பள்ளத்தாக்கு நிற்கும் நீராகிவிட்டது. மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் தேக்கடி ஏரியில் நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றின் மேல் சிறகை உலர்த்துகின்றன. இன்னொரு விஷயம். நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் எடுக்க வழியில்லை. அதனால் எவ்வளவு வறட்சி வந்தாலும் ஏரி முழுசாக வற்றுவதில்லை. யானைக்கும் காட்டெருமைக்கும் கோடையில் அதுதான் கதி. பாசனத்துக்காகக் கட்டியது, 1950ல் சரணாலயத்துக்கும் 1978ல் புலிகள் காப்பகத்துக்கும் நடு மையமாகிவிட்டது.

ஆனால் ஆற்று மீன்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்று ஒரு மீன். பெயர் வாயில் நுழையாது, போகட்டும். விஞ்ஞானிகள் 1941ல்தான் அதை விவரித்தார்கள். பெரியாற்றின் மேல்பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஓடும் நீரில் வாழ்வது அது. இப்போது ஏரிக்கு மேலே உள்ள ஓடைகளில் ஒதுங்கிவிட்டது. ஏரியில் கொழிப்பது வெளியிலிருந்து வந்த திலேப்பியாவும் சாதாக் கெண்டையும். ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வந்து சேர்ந்துவிட்டது.

1970 மே 29ல் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது, மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. தண்ணீருக்கு அத்தனை மல்லுக்கட்டும் நாம், இதை எவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டோம் பாருங்கள்.

இன்று அங்கே வலை வீசுகிறவர்கள் பெரும்பாலும் குமுளிப் பக்கம் வசிக்கும் மன்னான், பளியர் பழங்குடிகள். அவர்கள் வலையில் அதிகம் விழுவது அந்தக் கெண்டையும் திலேப்பியாவும்தான். வந்தேறி மீனை அடியோடு ஒழித்து ஓடை மீனைக் காப்பாற்ற வேண்டும் என்றால், முதலில் அவர்கள் அடுப்பைப் பற்றி யோசித்தாக வேண்டும்.