கர்ப்பப்பையும் கைரேகையும்

1896 அக்டோபரில் லண்டன் செசில் ஓட்டலின் ஓர் அறையில் போலீசார் பெட்டிகளைத் திறந்தார்கள். அறை வால்டர் காசில் என்பவருடையது. சான்பிரான்சிஸ்கோவின் பெரிய தேயிலை வணிகர், ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க மனைவி எல்லாவோடு வந்திருந்தார். பெட்டிகளுக்குள் விலை உயர்ந்த விலங்கு ரோம ஆடைகள், 18 ஆமையோட்டுச் சீப்புகள், 17 விசிறிகள், 9 கடிகாரங்கள். சிலவற்றில் கடையின் விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. அவர்கள் தங்கியிருந்த ஓட்டலுக்குச் சொந்தமான சாமான்கூட உள்ளே இருந்தது. எல்லாமே அந்த அம்மாள் கடை கடையாகப் போய் எடுத்தவை. கேட்டிருந்தால் கணவரே நூறு சீப்பு வாங்கிக் கொடுத்திருப்பார்.

நவம்பரில் வழக்கு விசாரணைக்கு வந்தது. மனைவி எல்லா காசில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், கணவர் விடுவிக்கப்பட்டார். மருத்துவர்கள் வந்து இது ஒரு நோய் என்று சாட்சி சொன்னார்கள். நீதிபதி மூன்று மாதச் சிறை விதித்தார். சில நாட்களுக்குள் உள்துறை அமைச்சரின் உத்தரவில் அவர் விடுதலையாகி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே மருத்துவர்கள் அவருடைய கர்ப்பப்பையில் கோளாறு இருப்பதாகச் சொல்லி அறுவை செய்தார்கள். திருட்டுக்கு அதுதான் சிகிச்சை!

நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். மதுரைக் கீழ்க்கோர்ட்டுகளில் வக்கீல் தொழில் செய்து வந்தவன். என்னிடம் வந்த கட்டுகளில் திருட்டு வழக்குகளே அதிகம். அந்தப் பழக்கத்தில் திருட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்கிறவன். இந்த 1896 என்னை விடுவதில்லை. ஏனென்றால் அதே ஆண்டில்தான் எங்கள் பக்கத்தில் பண்டுக் கலகம் நடந்தது. மதுரை, திண்டுக்கல், பழனி வட்டாரத்து ஊர்களில் மக்கள் நிதி திரட்டி, தங்கள் ஊர்களில் காவல் பார்த்த கள்ளர்களை வெளியேற்றினார்கள். குடிசைகள் எரிந்தன. அதற்கடுத்த கால் நூற்றாண்டில் அரசாங்கம் எங்கள் மக்களைப் பிறவித் திருடர்கள் என்று ஏட்டில் ஏற்றியது. ஒரே சாம்ராஜ்யம், ஒரே காலம். அங்கே திருடிய சீமாட்டியை மருத்துவர் பார்த்தார். இங்கே திருடாதவனையும் போலீஸ் பார்த்தது.

மருத்துவர் உள்ளே வந்த கதை சுருக்கமானது. இங்கிலாந்தில் 1699இல் போட்ட சட்டப்படி, கடையில் ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பொருளை யாரும் அறியாமல் எடுத்தால் தூக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஒழிந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1816இல், ஆந்திரே மாத்தே என்ற சுவிஸ் மருத்துவர் தேவையே இல்லாமல் திருடுகிறவர்களைத் தனியாகப் பிரித்து எழுதினார். பிறகு பிரான்சில் எஸ்கிரோலும் மார்க்கும் அதை மனநோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். இன்று நாம் சொல்லும் கிளெப்டோமேனியா அவர்கள் வைத்த பெயர்தான்.

ஆனால் ஒரு மருத்துவப் புத்தகத்து அபூர்வத்தை ஊரறிந்த நோயாக்கியது பாரிஸின் கடைகள். 1852இல் அரிஸ்தித் பூசிக்கோ, பான் மார்ஷே என்ற கடையில் பங்காளியாகச் சேர்ந்தார். அதற்கு முன் பொதுவாகக் கடைக்குள் காலை வைத்தால் வாங்காமல் திரும்புவது மரியாதைக் குறைவு. பொருள் கடைக்காரர் முதுகுக்குப் பின்னால் இருக்கும்; அவர் எடுத்துக் காட்டினால்தான் பார்க்கலாம்; பிறகு பேரம். பூசிக்கோவின் கடையில் யாரும் நுழையலாம், வாங்காமல் போகலாம், விலை எழுதியிருக்கும், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். லேசும் பட்டும் மேசைமேல் குவிந்து கிடக்கும். கை வைத்துத் தடவிப் பார்க்கலாம். கை வைக்கவேண்டும் என்பதற்காகவே அவை குவிக்கப்பட்டன. எமில் சோலா 1883இல் இப்படி ஒரு கடையைப் பற்றி எழுதிய நாவலில் ஒரு சீமாட்டி லேசைத் திருடிப் பிடிபடுவாள். அவர் அதைக் கற்பனையில் மட்டும் பிடிக்கவில்லை. அந்தக் காலத்துக் கடைகளில் மேலதிகாரிகள் தினமும் பார்த்த காட்சி அது. 1902இல் பால் துபுய்சோன் என்ற மருத்துவர் பெருங்கடைத் திருடிகளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

கடைகளுக்கும் இந்த நோய் வசதியாகத்தான் இருந்தது. பிடிபட்டவள் நாளைக்கும் வரவேண்டிய வாடிக்கையாளர். வழக்கென்று போனால் கடைக்குத்தான் கெட்ட பெயர். நோய் என்றால் கணவர் பணம் கட்டிக் கூட்டிப்போவார். எல்லாம் சுமுகமாக முடியும். அந்தப் பெண்களுக்கு மட்டும் இதில் நியாயம் கிடைத்ததாக நான் நினைக்கவில்லை. மாதவிலக்கு, கர்ப்பம், மாதவிலக்கு நிற்கும் காலம் என்று பெண்ணுடம்பின் ஒவ்வொரு பருவத்தையும் மருத்துவர்கள் திருட்டின் காரணமாக எழுதினார்கள். சிறையிலிருந்து தப்பிக்க அவள் கொடுத்த விலை, தனக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று ஊரறிய ஒப்புக்கொள்வது. எல்லா காசிலை ஒன்பது கடிகாரங்கள் எடுக்க வைத்தது எது என்று அவரிடம் யாராவது உட்கார்ந்து கேட்டார்களா? அறுவைக் கத்தி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

இனி எங்கள் பக்கம். 1871இல் வடஇந்தியாவுக்காகக் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தச்சன் மகன் தச்சனாவதுபோல் திருடன் மகன் திருடனாகத்தான் ஆவான் என்பது அதன் அடிப்படை. எங்கள் பிரமலைக் கள்ளர்களில் முதலில் கீழக்குயில்குடிக்காரர்கள்மேல் 1914இல் பாய்ந்தது. 1918க்குள் எல்லா ஊர்களுக்கும் விரிந்தது. வயதுவந்த ஆண் ஒவ்வொருவனும் பத்து விரல் ரேகையையும் பதியவேண்டும். ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். பதிவில் இருப்பவன் இரவில் போலீஸ் சொல்லும் இடத்தில் வந்து படுக்கவேண்டும். எங்கள் அப்பத்தா சொல்லும்: “உங்க தாத்தா கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கும் கச்சேரியிலதான்யா படுத்தாரு. விடியக்கருக்கல்ல வந்து வாசல்ல நின்னாரு. தலையை நிமிந்து பாக்கல.” தாத்தா எதையும் திருடியதாக எந்த வழக்கும் இல்லை. ரேகை இருந்தது, அவ்வளவுதான்.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்துத் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. அந்த ஊரில் நினைவுத்தூண் நிற்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை நின்று பெயர்களைப் படித்துவிட்டுப் போகவேண்டும்.

எங்கள் ஊர்களில் திருட்டே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இருந்தது. மாடு பிடித்துப்போவதும், துப்புக்கூலி வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதும் இருந்தன. காவல் கூலி கொடுத்த ஊரில் களவு நடந்தால் காவல்காரன்தான் ஈடு கட்டவேண்டும் என்ற ஏற்பாடும் கூடவே இருந்தது. வெள்ளைக்காரன் போலீசைக் கொண்டுவந்து காவலை ஒழித்தான். காவல்காரனுக்கு வேறு பிழைப்பைக் கொடுக்கவில்லை. 1895இல் முல்லைப்பெரியாறு அணை திறந்தபோது தண்ணீர் மதுரையையும் மேலூரையும் செழிப்பாக்கியது. எங்கள் கரட்டு நிலம் மானம் பார்த்தே கிடந்தது. கூலி போய், தண்ணீரும் வராதவன் என்ன செய்வான் என்று சட்டம் எழுதியவர்கள் கேட்கவில்லை. ரத்தத்தில் இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். மேல்நாட்டில் கர்ப்பப்பையில் தேடினார்கள், இங்கே பரம்பரையில் தேடினார்கள். குவித்து வைத்த மேசையையும் காய்ந்து கிடந்த நிலத்தையும் யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை.

ஒரு நன்றியையும் சொல்லவேண்டும். ஜார்ஜ் ஜோசப் என்ற மலையாள பாரிஸ்டர் மதுரையில் இருந்துகொண்டு இந்தச் சட்டத்தை எதிர்த்து எங்கள் மக்களுக்காக வாதாடினார். ரோசாப்பூ துரை என்று அவரை அழைத்தார்கள். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தது அவர் நினைவாகத்தான். முத்துராமலிங்கத் தேவரும் பி. ராமமூர்த்தியும் பிறகு அந்தப் போராட்டத்தைத் தூக்கிச் சுமந்தார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952இல். ஆனால் இங்கே சட்டம் ஒழிந்த மறு ஆண்டே, 1948இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்துவிட்டது.

கிளெப்டோமேனியா பற்றி மருத்துவம் இப்போது தெளிவாகப் பேசுகிறது. உண்மையான நோயாளிக்குப் பொருள் தேவைப்படாது. எடுப்பதற்கு முன் தாங்கமுடியாத இறுக்கம், எடுத்தபின் சற்று நிம்மதி, அதற்கப்புறம் வெட்கம். தூக்கிப்போடுவார்கள், யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், மறைத்து வைப்பார்கள். பொதுமக்களில் ஆயிரத்தில் மூன்று முதல் ஆறு பேருக்கு இது இருக்கலாம் என்பது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மதிப்பீடு. ஆயிரத்தில் மூன்று என்றால் பணக்காரர்களில் மட்டும் மூன்றா? கூலிக்காரர்களிலும் உண்டு. நான் பார்த்த ஒரு பையன் சைக்கிள் பெல் மட்டும்தான் எடுப்பான். விற்கவில்லை, மாட்டிக்கொள்ள அவனிடம் சைக்கிளும் இல்லை. மூன்றாவது முறை வந்தபோது போலீஸ் நிலையத்தில் முதலில் கேட்டது, “எந்த ஊருடா?” ஊர்ப் பெயரைச் சொன்னதும் மற்ற கேள்விகள் தீர்ந்துபோயின. பெரிய துணிக்கடையில் பிடிபட்ட ஒரு வசதியான வீட்டு அம்மாளுக்கு வழக்கே பதிவாகவில்லை. “குடும்பத்தோட பேசி முடிச்சுக்கிட்டோம் சார்” என்றார் மேனேஜர். அந்த அம்மாளுக்குக் கிடைத்தது தவறென்று நான் சொல்லவில்லை. அது பையனுக்கும் கிடைத்திருக்கவேண்டும்.

இளம் வக்கீல்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நோய்க்காரன் தான் செய்வது தப்பென்று தெரிந்தே செய்கிறான். ஆகவே புத்தி சுவாதீனமின்மை என்ற வாதம் பெரும்பாலும் நிற்காது, அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் கையில் இருக்கிறது. சின்னத் திருட்டில் ஒருவன் ஒரேமாதிரியான, தனக்கு உபயோகமில்லாத பொருளோடு திரும்பத் திரும்ப வந்தால், அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் காட்டி அறிக்கை வாங்குங்கள். அதை வைத்து நன்னடத்தைப் பிணையில் விடச் சொல்லிக் கேளுங்கள். ஊர்ப் பெயரைப் பார்க்காமல் கேளுங்கள்.