நம்பூர் ஆய்வும் மாநிறத் தோலும்: தினசரி சன்ஸ்கிரீனுக்கு எது ஆதாரம்?

தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லும் அறிவுரைக்கு இருக்கும் மிக வலுவான சான்று, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள நம்பூர் என்ற சிறுநகரில் கிடைத்தது. 1992இல் அடெல் கிரீன் குழுவினர் அங்கு 1,621 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தனர். ஒரு பிரிவினர் தலை, கழுத்து, கைகளில் நாள்தோறும் காலையில் பூச வேண்டும். மற்றவர்கள் வழக்கம்போல் விருப்பப்படி பூசிக்கொள்ளலாம். கொடுத்த புட்டிகளைத் திரும்ப வாங்கி எடைபோட்டு, உண்மையிலேயே பூசினார்களா என்று சரிபார்த்தார்கள். நான்கரை ஆண்டுகளில் தினசரி பூசியோரிடம் செதிள் செல் புற்றுநோய் சுமார் 40 விழுக்காடு குறைந்தது; அடித்தள செல் புற்றுநோய் குறையவில்லை. பின்தொடர் ஆய்வில், 2006 வரை மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் தினசரி பூசிய பிரிவில் 11 பேருக்கும் மறுபிரிவில் 22 பேருக்கும் வந்திருந்தது. எண்ணிக்கை பாதியாகத் தெரிந்தாலும், புள்ளியியல் நோக்கில் இது விளிம்பில் நிற்கும் முடிவு. இதே ஆய்விலிருந்து 2013இல் வெளிவந்த கட்டுரை தோல் முதுமையைப் பற்றியது: புறங்கையைச் சிலிகானில் அச்செடுத்து, தோலின் நுண்கோடுகள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்று உருப்பெருக்கியில் பார்த்துத் தரப்படுத்தினர். தினசரி பூசியோரிடம் முதுமை 24 விழுக்காடு குறைவாக இருந்தது.

சான்று வலுவானதுதான். ஆனால் நம்பூரில் ஆராயப்பட்டது பெரும்பாலும் வெள்ளைத் தோல். அம்முடிவை மாநிறத்தோர்க்கு அப்படியே பொருத்திப் பரிந்துரைப்பது முறையாகாது. 1979இல் கெய்ட்பே குழுவினர், கருந்தோலின் மேல்தோலே சராசரியாக 13.4 அளவுக்குப் பாதுகாப்புக் காரணி தருகிறது என்றும், வெள்ளைத் தோலில் அது 3.4 மட்டுமே என்றும் அளந்தனர். மாநிறம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கருந்தோலினரிடம் மெலனோமா அரிது. வந்தாலும் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற வெயில் அதிகம் படாத இடங்களில் வருகிறது. அங்கே முகத்தில் பூசும் களிம்புக்கு என்ன வேலை?

அப்படியானால் மாநிறத்தோர்க்குச் சன்ஸ்கிரீன் வேண்டாமா? வேண்டும், காரணம்தான் வேறு. நம்மிடையே வெயிலின் முதன்மையான தோல் பாதிப்பு புற்றுநோயன்று, நிறமாற்றம்: கன்னத்திலும் நெற்றியிலும் படியும் மங்கு, பரு ஆறியபின் மாதக்கணக்கில் நிற்கும் கருந்தழும்பு. இதைத் தூண்டுவதில் புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு. 2010இல் மஹ்மூத் குழுவினர், அந்த ஒளி கருந்தோலில் நீடித்த கருமையை உண்டாக்குவதையும், வெள்ளைத் தோலில் உண்டாக்காததையும் காட்டினர். மெலனின் உருவாக்கும் செல்களிலுள்ள ஆப்சின்-3 என்னும் உணரி நீல ஒளியை உணர்ந்து இதைத் தொடங்குவதாக 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் விளக்கினர்.

கடையில் விற்கும் நிறமற்ற சன்ஸ்கிரீன்களில் பெரும்பாலானவை இந்த ஒளியைத் தடுப்பதில்லை. உறையில் பெரிதாக அச்சாகும் எஸ்பிஎஃப் எண்ணும் இங்கே உதவாது. அது தோல் சிவப்பதை வைத்துக் கணக்கிடப்படுவது. அமெரிக்க விதிமுறைப்படி சோதனைக்கு எடுக்கப்படுவோர் எளிதில் சிவக்கும் வெளிர்தோலினர். கருக்கும் தோலுக்குச் சிவக்கும் தோலின் அளவுகோல். ஜப்பானில் தோன்றிய பிஏ குறியீடு கருமையை அளக்கிறது என்பதால் சற்று மேல். ஆனால் அதுவும் புற ஊதா-ஏ கதிரோடு நின்றுவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு, அதாவது நிறமூட்டிய சன்ஸ்கிரீனுக்குப் பழுப்பு தரும் பொருள். 2014இல் மெக்சிகோவில் மங்கு நோயாளிகள் இரு பிரிவாக எட்டு வாரம் கருமையைக் குறைக்கும் ஒரே ஹைட்ரோகுயினோன் களிம்பைப் பூசினர். அதோடு இரும்பு ஆக்சைடு சேர்ந்த சன்ஸ்கிரீனைப் பூசிய பிரிவினரிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. சன்ஸ்கிரீனிலுள்ள துத்தநாக ஆக்சைடு முகத்தில் விடும் சாம்பல் பூச்சையும் இந்த நிறம் மறைத்துவிடுகிறது. மாநிறத்தோர் சன்ஸ்கிரீனைக் கைவிட அந்தச் சாம்பல் பூச்சு ஒரு முக்கியக் காரணம்.

இந்த வாதத்தைச் சிவப்பழகு வணிகத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு 2020இல் பெயரை மாற்றிக்கொண்டாலும் அதன் சந்தை மாறிவிடவில்லை. மங்கு ஒரு தோல் நோய். பிறந்த நிறம் நோயன்று.

செலவுக் கணக்கும் உண்டு. சோதனைக்கூடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள்; மக்கள் பூசுவது பெரும்பாலும் அதில் பாதி அல்லது அதற்கும் குறைவு. முகத்துக்கும் கழுத்துக்கும் உரிய அளவில் நாளுக்கொரு முறை பூசினாலே 50 கிராம் குழாய் ஏறத்தாழ ஆறு வாரத்தில் தீர்ந்துவிடும். வியர்த்தபின் மறுபடி பூசினால் அதற்கும் முன்பே. நாள் முழுதும் வயலிலும் சாலைப்பணியிலும் நிற்பவர்க்கு இது கட்டுப்படியாகாது. அவர்களுக்கு அகலமான தொப்பியையும் அடர்ந்த நெசவுள்ள முழுக்கைச் சட்டையையும் முதலில் பரிந்துரைக்க வேண்டும். துணி புற ஊதாக் கதிரையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், வியர்வையில் கரையாது.