வயல் நத்தைகள் எல்லாம் ஒன்றல்ல: குரோமோசோம் ஒப்பீடு விவசாயிக்குச் சொல்வது என்ன?

வாய்க்காலிலும் நெல் வயலிலும் குட்டையிலும் இருக்கும் நத்தைகளை நாம் பொதுவாக ‘நத்தை’ என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். ஆனால் அவற்றில் ஒன்று மாட்டின் ஈரல் புழுவைப் பரப்பும். மற்றொன்று மாட்டின் மூக்கைத் தாக்கும் ரத்தப்புழுவைப் பரப்பும். இன்னொன்றை நம் ஊர்களில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். எந்த நத்தை எது என்று தெரியாமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண் செலவுதான்.

ஓட்டின் வடிவம் ஓரளவுக்கே அடையாளம் காட்டும். தண்ணீரின் தன்மை, தீனி, வயது ஆகியவற்றுக்கு ஏற்ப ஒரே இனத்தின் ஓடுகூட மாறுபடும். இதனால்தான் ஆய்வாளர்கள் நத்தையின் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணி, அளந்து ஒப்பிடத் தொடங்கினார்கள்.

குரோமோசோம் எண்ணிக்கை என்றால் என்ன?

பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்கும் நூல் போன்ற அமைப்புதான் குரோமோசோம். ஒவ்வொரு இனத்துக்கும் இதன் எண்ணிக்கை பெரும்பாலும் நிலையானது. மனிதனுக்கு 46, நெல்லுக்கு 24.

பருத்தி விவசாயிகளுக்கு இது எளிதில் புரியும். கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திக்கு 26 குரோமோசோம்கள். எம்.சி.யு. 5 போன்ற அமெரிக்கப் பருத்தி வகைகளுக்கு 52. இரண்டும் பருத்திதான் என்றாலும், நேரடியாக ஒட்டுச் சேர்த்தால் நல்ல விதை கிடைப்பது அரிது. பூவன் வாழைக்கு 33. மூன்று தொகுதிகளாக இருப்பதால்தான் அதில் விதை பிடிப்பதில்லை. நத்தைகளிலும் இதே போன்ற வேறுபாடுகள் உள்ளன.

எப்படி எண்ணுகிறார்கள்?

செல் பிரியும் நேரத்தில்தான் குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும். எனவே உயிருள்ள நத்தையின் இனப்பெருக்க உறுப்பிலிருந்தோ, முட்டைக்குள் வளரும் கருவிலிருந்தோ செல்களை எடுக்கிறார்கள். கோல்சிசின் என்ற மருந்தைக் கொடுத்து, செல் பிரிதலைப் பாதியில் நிறுத்துகிறார்கள். பிறகு சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் படம் எடுத்து, குரோமோசோம்களைச் சோடி சேர்த்து நீளவாரியாக அடுக்குகிறார்கள்.

இந்தக் கோல்சிசின், நம் விவசாயிகள் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்கில், அதாவது செங்காந்தளில் இருக்கும் அதே பொருள்தான்.

எந்த நத்தைக்கு எத்தனை?

• காது வடிவ நத்தை (லிம்னேயா ஆரிகுலேரியா, இப்போது ராடிக்ஸ் என்றும் அழைக்கப்படுகிறது): 34. ஓடு மெல்லியது, வாய் அகன்றது. மூடி கிடையாது. கூர்முனையை மேலே வைத்துப் பிடித்தால் வாய் வலப்பக்கம் இருக்கும். நம் நாட்டில் மாட்டு ஈரல் புழுவைப் பரப்பும் முக்கிய நத்தை இது.

• தட்டைச் சுருள் நத்தை (இண்டோபிளானார்பிஸ் எக்சஸ்டஸ்): 36. சுருட்டி வைத்த கயிறு போலத் தட்டையாக இருக்கும். இதற்கும் மூடி கிடையாது. மூக்கு ரத்தப்புழு, வயிற்றுத் தட்டைப்புழு ஆகியவற்றைப் பரப்பும். நடவு வேலையில் கால்களில் ஏற்படும் அரிப்புக்கும் இதிலிருந்து வெளிவரும் புழுக்குஞ்சுகள் ஒரு காரணம்.

• திருகாணி நத்தை (மெலனாய்ட்ஸ் டியூபர்குலேட்டா): ஓடு நீண்டு கூராக இருக்கும். மூடி உண்டு. சாதாரண வகைக்கு 32. ஆனால் இந்தியாவில் 1950-களில் நடந்த ஆய்வுகளில், இதே நத்தையில் 90 முதல் 94 வரை குரோமோசோம்கள் கொண்ட வகையும் பதிவாகியுள்ளது. இதன் பெண் நத்தை ஆண் துணையில்லாமலே குட்டி ஈனும். ஒரு நத்தை வந்து சேர்ந்தாலே குட்டை நிரம்பிவிடுவது இதனால்தான். மாட்டு ஈரல் புழுவை இது பரப்புவதில்லை.

• ஆப்பிள் நத்தைகள்: உருண்டையாகப் பெரிதாக இருக்கும். மூடி உண்டு. தென் அமெரிக்காவின் தங்க ஆப்பிள் நத்தைக்கு (பொமேசியா கனாலிகுலேட்டா) 28. நம் நாட்டு நத்தை அடங்கிய பைலா பேரினத்திலும் 28 எண்ணப்பட்டுள்ளது.

எண்ணிக்கை எங்கே உதவியது?

நம் தட்டைச் சுருள் நத்தைக்கு நெருங்கிய உறவினம், ஆப்பிரிக்காவில் வாழும் புலினஸ் நத்தை. மனிதருக்குச் சிறுநீரில் ரத்தம் போகச் செய்யும் ரத்தப்புழு நோயைப் பரப்புவது இந்தப் பேரினம்தான். இதில் புலினஸ் டிராபிகஸ், புலினஸ் டிரங்கேட்டஸ் ஆகிய இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். எண்ணிப் பார்த்தபோது முதலாவதற்கு 36, இரண்டாவதற்கு 72. நோயைப் பரப்புவது 72 உள்ள இனம். 36 உள்ள டிராபிகஸ் அந்த நோயைப் பரப்புவதில்லை. எத்தியோப்பியாவின் மலைப்பகுதிகளில் 108, 144 குரோமோசோம்கள் கொண்ட புலினஸ் இனங்களும் உள்ளன.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

போதாது. அதே புலினஸ் பேரினத்தில் குளோபோசஸ் என்ற இனத்துக்கும் 36 தான். ஆனால் அது நோயைப் பரப்புகிறது. ஐரோப்பாவில் ஈரல் புழுவைப் பரப்பும் சிறு நத்தைக்கு 36, நம் நாட்டு நத்தைக்கு 34. எண்ணிக்கை வேறு, வேலை ஒன்று.

ஆப்பிள் நத்தைகளில் இதற்கு நேர்மாறு. எண்ணிக்கை ஒன்று, வேலை வேறு. தங்க ஆப்பிள் நத்தை 1980-களில் உணவுக்காகப் பிலிப்பைன்ஸ் முதலிய ஆசிய நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டு, இளம் நெல் நாற்றை அழிக்கும் பெரும் பூச்சியாக மாறியது. நம் நாட்டு நத்தை அப்படிப்பட்டதல்ல.

எனவே ஆய்வாளர்கள் எண்ணிக்கையோடு குரோமோசோமின் நீளம், வடிவம், டி.என்.ஏ. ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள். நம் தட்டைச் சுருள் நத்தை ஓர் இனமல்ல, ஒன்று போலத் தோன்றும் பல இனங்களின் கூட்டு என்பதை டி.என்.ஏ. ஆய்வுகள்தான் காட்டின.

நீங்கள் செய்ய வேண்டியவை

உங்கள் வாய்க்காலில் எந்த நத்தை அதிகம் என்று முதலில் பாருங்கள். தடுப்பு முறை அதைப் பொறுத்து மாறும்.

காது வடிவ நத்தை அதிகம் என்றால் ஆபத்து புல்லில் இருக்கிறது. ஈரல் புழுவின் குஞ்சுகள் நத்தையிலிருந்து வெளிவந்து, தண்ணீரை ஒட்டிய புல்லிலும் நெல் தாளின் அடியிலும் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். வாய்க்கால் ஓரம் மேய்க்காதீர்கள். புல்லை நீர்மட்டத்துக்கு மேலே அறுத்து, நல்ல வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். காய்ச்சலில் அந்தக் கூடுகள் அழிந்துவிடும்.

தட்டைச் சுருள் நத்தை அதிகம் என்றால் ஆபத்து தண்ணீரிலும் இருக்கிறது. ரத்தப்புழுவின் குஞ்சு புல்லில் ஒட்டுவதில்லை. நேரடியாகத் தோலைத் துளைத்து உள்ளே போகும். இங்கே புல்லைக் காயவைத்தால் மட்டும் போதாது. மாட்டைக் குட்டையில் இறக்காமல், தொட்டியில் கிணற்று நீரோ போர் தண்ணீரோ காட்டுங்கள்.

இரண்டுக்கும் பொதுவானவை:

1. சாணத்தை வாய்க்காலில் கழுவி விடாதீர்கள். ஈரல் புழுவின் முட்டை சாணம் வழியாகத்தான் தண்ணீருக்குப் போகிறது. நன்கு மட்கிய எருவை மட்டும் வயலில் இடுங்கள்.

2. தாடைக்குக் கீழ் வீக்கம், கழிச்சல், மெலிவு, பால் குறைவு இருந்தாலோ, மாடு குறட்டை விடுவது போல் மூச்சு விட்டாலோ, கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். சாணத்தையும் மூக்குச் சளியையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உருண்டைப் புழுவுக்குக் கொடுக்கும் எல்லா மருந்தும் தட்டைப்புழுவைக் கொல்லாது. மருந்தையும் அளவையும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

3. நத்தையைக் கொல்ல மயில்துத்தம் போன்றவற்றைக் குளத்தில் கொட்டாதீர்கள். மீன்களும் சாகும். வயலையும் வாய்க்காலையும் இடையிடையே காயவிடுங்கள். பாசியையும் களையையும் அகற்றுங்கள். வாத்து மேய்ச்சலும் உதவும்.

4. நெல் தண்டிலோ வரப்புச் செடியிலோ நீருக்கு மேலே இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளைக் கண்டால், படம் எடுத்து வேளாண்மை அலுவலரிடம் உடனே காட்டுங்கள். அது தங்க ஆப்பிள் நத்தையின் அடையாளம். நம் நாட்டு ஆப்பிள் நத்தை ஈரமண்ணில் வெள்ளை முட்டைதான் இடும்.

மாதிரி அனுப்பும் முறை

நத்தையைக் கையுறை அணிந்து எடுங்கள். குரோமோசோம் ஆய்வுக்கு நத்தை உயிரோடு இருக்க வேண்டும். காற்றுத் துளையிட்ட டப்பாவில் ஈரத்துணி போட்டு 10 முதல் 15 நத்தைகளை வைத்து, ஒரு நாளுக்குள் சேர்த்துவிடுங்கள். மூடிய பாட்டில் தண்ணீரில் போட்டால் செத்துவிடும். எடுத்த இடம், தேதி, அங்கே மேயும் கால்நடைகளின் விவரம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வையுங்கள். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ, அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேட்டால், எங்கே சேர்ப்பது என்று சொல்வார்கள்.