நியாய தரிசனம்

வேதத்தை ஏற்கும் ஆறு தரிசனங்களுள் ஒன்றான நியாயம், சரியான அறிவு எவ்வாறு பிறக்கிறது, அதைச் சோதிப்பது எப்படி என்னும் கேள்விகளை முன்னிறுத்திய மெய்யியல் மரபாகும். அட்சபாதர் எனப்படும் கௌதமர் இயற்றியதாகக் கருதப்படும் நியாய சூத்திரம் ஐந்து அத்தியாயங்கள் கொண்டது. அதற்கு வாத்ஸ்யாயனர் எழுதிய பாஷ்யமே இன்று கிடைக்கும் உரைகளுள் பழையது. தமிழில் மணிமேகலை, அறுவகைச் சமயங்களுள் நையாயிகத்தையும் அதன் ஆசிரியராக அக்கபாதனையும் (அட்சபாதர்) குறிப்பிடுகிறது. 14ஆம் நூற்றாண்டில் மிதிலையின் கங்கேசர் எழுதிய தத்துவ சிந்தாமணியுடன் நவ்ய நியாயம் என்னும் புதிய நியாய மரபு வலுப்பெற்றது.

பிரமாணம் எனப்படும் அறிவு வாயில்கள் இத்தரிசனத்தில் நான்கு: பிரத்தியட்சம் (புலன்வழிக் காட்சி), அனுமானம் (ஏதுவைக் கொண்டு உய்த்துணர்தல்), உபமானம் (ஒப்புமையால் அறிதல்), சப்தம் (நம்பத்தக்கவர் சொல்). மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு எனத் துணிவது அனுமானத்திற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு.

இன்றைய வாழ்வுக்கு மிக நெருக்கமானது சப்தம் பற்றிய ஆய்வே எனலாம். ஒருவர் அறிவதில் பெரும்பகுதி பிறர் சொல்லக் கேட்டதுதான் என்பதால், யார் சொல்லை ஏற்கலாம் என்பதற்கு நியாயம் இலக்கணம் வகுக்கிறது: பொருளை நேரடியாக அறிந்து, அறிந்தவாறே பிறருக்குச் சொல்ல விழைபவனே ஆப்தன். இவ்விலக்கணம் ரிஷிகளுக்கும் ஆரியர்களுக்கும் மிலேச்சர் எனப்பட்ட அயலாருக்கும் பொது என்று வாத்ஸ்யாயனர் எழுதியது அக்காலத்திற்குத் துணிவான கூற்று. சொல்பவனின் குலத்தையோ பதவியையோ அது கேட்கவில்லை. கைப்பேசிக்கு வரும் செய்தியை, தான் பார்க்காமலேயே அடுத்தவருக்கு அனுப்பிவைப்பவர் இவ்வளவுகோலின் முதற்படியிலேயே தவறிவிடுகிறார்.

விவாதத்தையும் இம்மரபு மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிய இரு தரப்பினரும் ஆராய்வது வாதம். வெல்வதே நோக்காகப் பேசுவது ஜல்பம். தன் தரப்பு எதையும் நிறுவாமல் எதிராளியை மறுப்பதோடு நின்றுவிடுவது விதண்டை. பின்னிரண்டில் கையாளப்படும் தந்திரங்களுள் ஒன்று சலம், அதாவது பேசுபவர் கருதாத பொருளைச் சொல்லில் ஏற்றி மறுப்பது. ‘இவன் நவகம்பளம் உடையவன்’ என ஒருவர் புதிய கம்பளியைக் குறித்துச் சொல்ல, நவ என்பதற்கு ஒன்பது என்றும் பொருள் இருப்பதால், ‘ஒன்றுதானே இருக்கிறது, மற்ற எட்டு எங்கே?’ என்று கேட்பது அதற்குத் தரப்படும் சான்று. வாதி தோற்றதாகக் கொள்ளும் நிலைகள், நிக்கிரகஸ்தானம் என்ற பெயரில் 22 ஆக எண்ணப்படுகின்றன. இடையில் தன் கூற்றை மாற்றிக்கொள்வதும், தொடர்பில்லாத வேறு பொருளுக்குத் தாவுவதும் அவற்றுள் அடங்கும். தொலைக்காட்சி விவாதங்களில் நாள்தோறும் காணப்படும் இவ்விரண்டும் அங்கே தோல்வியாக எண்ணப்படுவதில்லை.